கட்டளை வரியும் ஒரு நாவலாசிரியரும்

தீபாவளிக்கு வந்திருந்த என் மருமான் ஒரு சிறு ஆங்கிலப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "மாமா, இது நல்ல புத்தகமா, இல்லையான்னு படிச்சுட்டுச் சொல்லுங்கோ" என்றான். என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் பலருண்டு. பெரும்பாலும் அவர்களுக்குப் பதில் வேண்டியிராது. தாங்கள் படித்ததை நானும் படித்துவிட்டேன் என்று தெரிந்தால் போதும். இவன் கேட்ட விதம் அப்படியில்லை. பதிலை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தவன் போல இருந்தது.

புத்தகத்தின் பெயர் 'இன் தி பிகினிங் வாஸ் தி கமாண்ட் லைன்'. 'ஆதியில் கட்டளை வரி இருந்தது' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் நீல் ஸ்டீபன்ஸன் என்ற அமெரிக்க நாவலாசிரியர். வெளிவந்த வருஷம் 1999.

கட்டளை வரி என்றால் என்ன என்று, என்னைப் போன்ற வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க இரண்டு வழிகள் உண்டு. திரையில் தெரியும் படங்களையும் பொத்தான்களையும் தொட்டு வாங்குவது ஒன்று. நீங்களும் நானும் செய்வது அதுதான். மற்றது, கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்துகொண்டு, ஆக வேண்டியதை ஒரு வரியாக எழுதி, 'என்டர்' விசையைத் தட்டுவது. என் மருமான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சிப்பந்திகளின் கடிதப் பெட்டிகளையும் உள்நுழையும் கணக்குகளையும் நிர்வகிக்கிறவன். அவன் சமாளிக்கும் யந்திரங்கள் வேறெங்கோ இருக்கின்றன. நாலாயிரம் பேருக்கு ஒரு மாறுதல் செய்ய நாலாயிரம் தடவை பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க முடியாது; ஒரு வரி எழுதினால் ஆகிவிடும். ஆகவே அவனும் ஒரு விதத்தில் எழுத்தாளன்தான். என்னைவிட அவனுடைய எழுத்துக்குப் பலன் அதிகம், அவ்வளவே.

ஸ்டீபன்ஸனின் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். படிக்க வைக்கிற கை அவருக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளை ஒரு நாற்சந்தியில் எதிரெதிரே கடை போட்டிருக்கும் மோட்டார் வியாபாரிகளாக்கி அவர் சொல்லும் கதை ஒன்று போதும். ஒரு கடையில் அழகான, ஆனால் மூடியைத் திறக்க முடியாத கார். இன்னொன்றில் எல்லாரும் வாங்கும் சாதாரண வண்டி. மூலையில் ஒரு திடலில் சில பைத்தியக்காரர்கள் அற்புதமான டாங்கிகளைச் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த டாங்கிதான் லினக்ஸ். டிஸ்னி வேர்ல்டில் ஒரு மனிதர் கண்முன் இருக்கும் காட்சியைப் பார்க்காமல், கையிலுள்ள காமிராத் திரையில் அதன் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததையும் சொல்கிறார். படங்களின் மூலமாகவே உலகத்தைத் தொடுகிறவனுக்கு நடுவில் வேறு யாரோ நின்று அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தின் மூலம் தொடுகிறவன் தானே நேரில் தொடுகிறான் என்பது அவர் கட்சி. எழுத்தாளன் எழுத்துக்குப் பரிந்து பேசுவதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அந்தக் கட்சி பிடித்துத்தான் இருந்தது.

புத்தகத்தின் உச்சம் ஒரு துளை போடும் யந்திரத்தைப் பற்றிய பகுதி. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் துளைக் கருவி தடை வந்தால் முனகிக்கொண்டு நின்றுவிடும். கட்டடத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெரிய கருவி நிற்காது. அது சிக்கிக்கொண்டால், பிடித்திருப்பவனையே சேர்த்துச் சுற்றிவிடும். ஸ்டீபன்ஸன் தாமே அதைப் பிடித்துக் கை நசுங்கிக் காயப்பட்டதை எழுதுகிறார். கட்டளை வரியும் அப்படித்தான்: கேட்டதைச் செய்யும், நீ என்ன நினைத்துக் கேட்டாய் என்று கவலைப்படாது என்கிறார்.

நல்ல உவமை. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது அங்கேதான் எனக்கு இடறியது. அந்த உவமையில் நசுங்குவது பிடித்தவனுடைய கை. புத்தகம் முழுவதிலும் அப்படியே. ஒரு மனிதன், அவனுடைய யந்திரம், அவனுடைய சுதந்திரம், அவனுடைய காயம். நிர்வாகம் செய்கிறவனுடைய கதை அதுவல்ல. அவன் எழுதும் வரியில் நசுங்குவது அவன் பார்த்தேயிராத யாரோ ஒருவருடைய கை.

மருமான் ஏன் கேட்டான் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. காலேஜில் படிக்கையில் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தானாம். ஆறு மாதத்துக்கு முன், வேலையை விட்டுப் போன 38 பேருடைய கணக்குகளை மூட ஒரு வரி எழுதினான். 'விட்டுப் போனவர்கள் மட்டும்' என்ற நிபந்தனை விட்டுப் போயிற்று. ஒரு கிளையிலிருந்த அறுநூறு சொச்சம் பேரின் கணக்குகளும் மூடிக்கொண்டன. இரண்டு மணி நேரத்தில் சரி செய்துவிட்டார்கள். அவனை யாரும் வையவில்லை. ஆனால் அந்த அறுநூறில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கிடந்த தகப்பனாருக்காக இன்ஷ்யூரன்ஸ் கடிதம் அனுப்பக் காத்திருந்தாளாம். கடிதம் தாமதமாயிற்று, விபரீதம் ஒன்றும் நேரவில்லை. "நேர்ந்திருந்தா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அவனால் இந்தப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

இதே விஷயத்தில் இன்னொரு எழுத்தையும் அவன் மூலமாகவே படித்தேன். எழுதியவர்கள் இலக்கியாசிரியர்கள் அல்ல. கிட்லாப் என்ற நிறுவனம் 2017 பிப்ரவரியில் தன் சொந்த விபத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கை அது. ஜனவரி 31-ஆம் தேதி இரவு; நேரம் கடந்து வேலை செய்துகொண்டிருந்த ஓர் இஞ்சினியர். மூலத் தகவல்கள் ஒரு யந்திரத்திலும் அதன் நகல் இன்னொன்றிலும் இருந்தன. நகல் கெட்டுவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். துடைக்கும் கட்டளையை எழுதித் தட்டினார். ஓரிரண்டு விநாடிகளில் புரிந்தது, தாம் நின்றது நகல் இருந்த யந்திரத்தில் அல்ல, மூலம் இருந்ததில் என்று. உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் மீதி சுமார் 4.5. கறுப்பு ஜன்னலில் இரண்டு யந்திரங்களும் ஒன்று போலத்தான் இருக்கும். வரியின் தொடக்கத்தில் வரும் சின்னப் பெயர் ஒன்றுதான் வித்தியாசம். படம் நம்மை ஏமாற்றும் என்கிறாரே ஸ்டீபன்ஸன், எழுத்தும் ஏமாற்றும்.

ஐந்து விதமான பாதுகாப்புப் பிரதிகள் இருப்பதாக நம்பியிருந்தார்கள். ஒன்றும் உருப்படியாக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. அதை எடுத்தவரும் அதே இஞ்சினியர்! நான் நாவலில் இப்படி எழுதினால் 'செயற்கை' என்று விமரிசகர்கள் சொல்வார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் ஊர் பேர் தெரியாதவர்கள் சேர்த்து வைத்தவை போயின. சுமார் ஐயாயிரம் வேலைத் திட்டங்கள், ஐயாயிரம் குறிப்புகள், புதிதாகச் சேர்ந்த 700 பேர் என்று அறிக்கை கணக்குச் சொல்கிறது. அழித்தவரின் பெயரைச் சொல்வதில்லை. 'குழு உறுப்பினர் 1' என்பதோடு சரி. தனி மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், ஒருவன் கை தவறினால் இத்தனையும் சாயும்படி விட்டிருந்தது எது என்று கேட்கிறது. நடையில் அலங்காரம் கிடையாது. ஆனாலும் ஸ்டீபன்ஸனுடைய புத்தகத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அதில் மற்ற மனிதர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் படமும் பொத்தானுமே மேல் என்று சொல்லலாமா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். படத்திலேயே ஊறிய மைக்ரோஸாப்ட்டே எழுத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவர் 2002-இல் 'மோனாட்' என்ற பெயரில் ஓர் அறிக்கை எழுதினார். அதிலிருந்து பிறந்த பவர்ஷெல் 2006-இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் கடித மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2007-இல் பொத்தான்களை அழுத்தினாலும் உள்ளே ஓடுவது எழுதப்பட்ட கட்டளைதான். வேலை முடிந்ததும் அந்த வரியையே காட்டவும் செய்யும். மாற்றவும் அழிக்கவும் வல்ல கட்டளைகள் பலவற்றுக்கு 'வாட் இஃப்' என்று ஒரு வால் சேர்க்கலாம். சேர்த்தால் யந்திரம் காரியத்தைச் செய்யாது. செய்தால் என்னவாகும் என்று சொல்லிவிட்டு நிற்கும். அந்தப் பாஷையில் வினைச்சொல் முதலில் வருகிறது. 'அழி' என்று ஆரம்பித்துவிட்டுத்தான் யாரை என்று சொல்ல வேண்டும். தமிழில் யாரை, எதை என்று எல்லாம் சொன்ன பிறகே 'அழி' வரும். யோசிக்க இடம் கிடைக்கும். அந்த இடத்தைத்தான் 'வாட் இஃப்' கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டளை வரியின் பெருமை அதன் பலம் என்று ஸ்டீபன்ஸன் நினைத்தார். அதன் பெருமை அது எழுத்து என்பதுதான். பொத்தானை அழுத்திய விரலை மறுநாள் யாருக்கும் காட்ட முடியாது. எழுதிய வரியைத் தட்டுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டலாம். தவறினால் மறுநாள் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். எழுத்து என்றால் படிக்கிறவர் ஒருவர் வேண்டும். எழுதுகிறவனும் யந்திரமும் மட்டுமே இருக்கும் உலகத்தில் அவருக்கு இடமில்லை.

மருமானிடம் இதைச் சொன்னேன். "நல்ல புத்தகந்தான். ஆனா பாதிப் புத்தகம். மீதிப் பாதி உன் தொழில்ல இருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இப்பெல்லாம் பெரிய வரின்னா பக்கத்து ஸீட் அம்மாகிட்டக் காட்டிட்டுத்தான் தட்டறேன், மாமா. அவா ரெண்டு தடவை தப்புக் கண்டுபிடிச்சிருக்கா" என்றான்.

நாற்பது வருஷமாக நாவல் எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒரு பக்கத்து ஸீட் வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவன் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனான்.