நான்கு பெயரைத் தாண்டாத வேண்டுகோள்

விழா தொடங்கும்போதே மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகக் கைதட்ட வேண்டாம், பட்டியல் வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் சேர்த்துத் தட்டலாம், நேரம் மிச்சமாகும் என்று பணிவாகச் சொல்வார்கள். நியூசிலாந்தில் ஆக்லாந்து, வெலிங்டன் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளின் ஆண்டிறுதிப் பரிசளிப்பில் இந்த வேண்டுகோள் மிஞ்சிப்போனால் நான்கு பெயர்வரை தாங்கும். ஐந்தாவதாக ஒரு சமோவா வீட்டுப் பெண்ணின் பெயர் வரும். பின்வரிசையிலிருந்து அவளுடைய பெரியம்மாவோ அத்தையோ "சீ-ஹூ!" என்று ஒரு கூவல் விடுவார். அவ்வளவுதான். அடுத்த பெயருக்கு டோங்கா குடும்பம் பதில் கொடுக்கும். அதற்கடுத்ததற்கு மாவோரித் தாத்தா எழுந்தே நின்றுவிடுவார். மேடையில் பெயர் வாசிக்கும் ஆசிரியை ஒரு நொடி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பெயருக்குப் போவார். அவருக்கும் இது தெரிந்ததுதான். ஆனாலும் அடுத்த ஆண்டும் அதே வேண்டுகோளை வைப்பார்கள்.

மேடை ஓர் ஒழுங்கில் போகிறது, மண்டபம் வேறோர் ஒழுங்கில் போகிறது. இந்த விழாவின் அழகு அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. கன்னியர் கட்டிய பள்ளி என்றால் அடக்கமும் மௌனமும்தான் நினைவுக்கு வரும். இங்கே கேட்பதோ முழுக்கமுழுக்கப் பெண்குரல்.

முதலில் காலத்தைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் கல்வியாண்டு கோடையின் கடைசியில், ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும்போது தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பதின்மூன்றாம் ஆண்டு மாணவிகள், அதாவது நம் பிளஸ் டூ வயதுப் பெண்கள், நவம்பரில் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். முடிவு ஜனவரியில் வரும். ஆனால் பரிசளிப்பும் வழியனுப்பும் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் நாட்களிலோ நடந்துவிடும். மேடையேறிக் கோப்பை வாங்குகிற பெண் பெரிய தேர்வை இன்னும் எழுதவில்லை! நம்மூரில் முடிவு வெளியான காலையில்தான் லட்டும் பூச்செண்டும் வெளியே வரும், பள்ளி மதிலில் புகைப்படத்தோடு பேனர் ஏறும். அங்கே பள்ளி, தான் ஆண்டு முழுக்க வகுப்பிலும் மைதானத்திலும் கண்ணால் கண்டதை வைத்தே பாராட்டிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு தாள் வந்து உறுதி செய்யட்டும் என்று காத்திருப்பதில்லை. எனக்கு இது நுட்பமான மரியாதையாகப் படுகிறது.

மேடைப் பரிசுகளில் உச்சம் 'டக்ஸ்'. படிப்பில் முதல் மாணவிக்கு அந்தப் பெயர். அடுத்து வருபவளுக்கும் 'புராக்ஸிமே அக்செசிட்' என்று லத்தீனிலேயே ஒரு பட்டம் உண்டு. டக்ஸின் பெயர் மரப்பலகையில் பொன்னெழுத்தில் ஏறும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊரிலும் முதல் மாணவி முதல் மாணவிதான்.

நின்று பார்க்க வேண்டியது வேறொரு பரிசு. 1975இல் வந்த ஒரு சட்டத்தின்படி கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுக் கல்வி அமைப்போடு இணைந்தன. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் திருச்சபையிடமே இருக்கின்றன. பள்ளி தன் சமயப் பண்பைக் காத்துக்கொள்ளலாம். சட்டத்தில் அந்தப் பண்புக்குத் 'தனித்தன்மை' என்ற பொருளில் வறண்ட பெயர் ஒன்று இருக்கிறது. பள்ளிகள் அந்தச் சட்டச் சொல்லையே எடுத்துப் பரிசுக்குப் பெயராக வைத்துவிட்டன! புதிதாகச் சேர்ந்து தனியாக நிற்கும் ஒன்பதாம் ஆண்டுச் சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், முதியோர் இல்லத்துக்கு வாரம் தவறாமல் போனவள், திருப்பலிக்கு நாற்காலி அடுக்கியவள், இப்படிப்பட்டவர்களுக்கு உரியது அது. மதிப்பெண்ணால் அளக்க முடியாததால் காரணத்தை வார்த்தையில்தான் சொல்ல வேண்டும். மற்றப் பரிசுகளுக்குப் பாடத்தின் பெயர் போதும். இதற்கு யாரோ ஓர் ஆசிரியை உட்கார்ந்து யோசித்து எழுதியாக வேண்டும். அந்த ஓரிரு வரிகளை வாசிக்கும்போது மட்டும் மண்டபம் தானாகவே அமைதியாகும்.

இனி குரலுக்கு வருவோம். மாவோரி முறைப்படி விருந்தினர் உள்ளே வரும்போது முதல் குரல் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அதற்குக் 'கரங்கா' என்று பெயர். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. நீட்டி அழைக்கும் அழைப்பு. இந்தப் பக்கத்துப் பெண் அழைப்பாள், வருகிறவர்கள் சார்பில் அந்தப் பக்கத்துப் பெண் பதிலழைப்பாள். இறந்துபோனவர்களையும் அந்த அழைப்பில் நினைத்துக்கொள்வார்கள். அழைப்பு நீளும் வரை நடை மெதுவாகத்தான் இருக்கும். ஆண்கள் எத்தனை பெரியவர்களானாலும் அந்தக் குரல் எழும்வரை காத்திருக்க வேண்டும். ஆயர் வந்தாலும் அப்படித்தான். பெண்கள் பள்ளியில் இந்த வழக்கம் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள். சில பள்ளிகளில் மூத்த மாணவிகளே முறைப்படி கற்று அழைக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணின் குரலுக்கு ஒரு மண்டபமே நடை பழகுவதைக் காண்பதற்கு ஈடாக வேறு கோப்பை தேவையில்லை.

வழியனுப்பலின் உச்சம் ஹாக்கா. ரக்பி ஆட்டத்தில் ஆண்கள் ஆடுவதை மட்டும் பார்த்தவர்கள் அதைப் போர்க்கூத்து என்று நினைத்திருப்பார்கள். பள்ளிகளில் அது மரியாதை செய்யும் முறை. விடைபெறுபவர்கள் எழுந்து நிற்க, இளையவர்கள் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கித் தரையை உதைப்பார்கள். தொடையில் அறை, மார்பில் அறை, பலகைத் தரை அதிரும். இதில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று முகம். கண்களை அகல விரித்து உருட்டும் 'பூகானா' பெண்களுக்கும் உண்டு. ஆனால் நாக்கை நீட்டுவது மரபில் ஆண்களுடையது. பெண்கள் மோவாயை முன்தள்ளிக் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். கோபமா, பெருமையா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல சமயம் மூன்றும்தான். இன்னொன்று கை. விரல்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். மாவோரிக் கதையில் சூரியனுக்கும் கோடைக்கன்னிக்கும் பிறந்த பிள்ளை தானேரோரே. வெயில் நாளில் தரைக்கு மேலே அலையும் கானல்தான் அவன் ஆட்டம். அந்தக் கானலைத்தான் விரல்கள் காட்டுகின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், முன்வரிசையில் நிற்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குட்டிகளின் கைகளை விட்டுக் கண் நகராது.

பின்பு விடைபெறுபவர்கள் பதில் ஹாக்கா ஆடுவார்கள். தொடக்கம் கம்பீரமாக இருக்கும். பாதியில் ஒருத்தியின் குரல் உடையும். பக்கத்திலிருப்பவள் அவள் பங்கையும் சேர்த்துக் கத்துவாள்.

இந்தக் குரல் இந்தப் பள்ளிகளுக்கு நேற்று வந்ததில்லை. 1850இல் ஆயர் பொம்பாலியேயுடன் அயர்லாந்தின் கார்லோ நகரிலிருந்து மெர்சி சபைக் கன்னியர் ஆக்லாந்துக்கு வந்திறங்கினார்கள். தலைவி மதர் சிசிலியா மாஹர். கடற்பயணத்திலேயே மாவோரி மொழியைக் கற்கத் தொடங்கிவிட்டார்கள். பான்சன்பியிலுள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரி அந்த ஆண்டிலிருந்தே தன் வயதை எண்ணுகிறது. அங்கேதான் சிஸ்டர் மேரி லியோ பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். மால்வினா மேஜர், ஹெதர் பெக் என்று ஓபரா மேடைகளை ஆண்ட பலர் அவரிடம் கற்றவர்கள். மகளுக்கு இவரிடம் பாடம் கிடைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் கிஸ்போர்னிலிருந்து ஆக்லாந்துக்கே குடிபெயர்ந்தது. அந்த மகள் கிரி தே கானவா. 1981இல் இளவரசர் சார்லஸ் – டயானா திருமணத்தில், லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் பாடியவர். கன்னியர் மடத்து இசையறையில் மூச்சுப்பயிற்சி செய்த குரலை உலகமே தொலைக்காட்சியில் கேட்டது. 1973இல் சிஸ்டர் மேரி லியோவுக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது.

நேப்பியர் பக்கம் செயின்ட் ஜோசப்ஸ் மாவோரிப் பெண்கள் கல்லூரி இருக்கிறது. 1867இல் 'அவர் லேடி ஆஃப் த மிஷன்ஸ்' சபைக் கன்னியர் தொடங்கிய விடுதிப் பள்ளி. இங்கே படித்தவர்கள் வரிசையைப் பாருங்கள். வினா கூப்பர்: 1975இல், எண்பதை எட்டும் வயதில், மாவோரி நில உரிமைக்காக வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை நடந்த பேரணிக்குத் தலைமை தாங்கியவர். பாடகி மொவானா மானியாபோட்டோ. பாடகி மைசி ரிகா. இன்னொருவர் ஹினேவேஹி மோஹி. 1999 ரக்பி உலகக் கோப்பையில், லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண்ணை மாவோரி மொழியில் மட்டும் பாடினார். ஊரில் பெரிய கூச்சல் எழுந்தது. இன்று முதலில் மாவோரியில், பிறகு ஆங்கிலத்தில் பாடுவதே நாட்டின் வழக்கம். பள்ளிப் பரிசளிப்பிலும் அதைத்தான் பாடுகிறார்கள். எந்தப் பொன்னெழுத்துப் பலகையைவிடவும் பெரிய கௌரவம் இது. ஆனால் பாடும்போது யாரும் அதைக் கௌரவமாக எண்ணுவதில்லை, அவ்வளவு இயல்பாகிவிட்டது.

மண்டபத்துக்கு வெளியே வந்தால் மாலைகள். பசிபிக் தீவுக் குடும்பங்கள் வண்ணக் கண்ணாடித்தாளில் மிட்டாய்களையும் சாக்லேட்டுகளையும் சுருட்டி, இடையிடையே ரிப்பன் முடிச்சிட்டு, முன்தினம் இரவு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து கட்டியவை. சிலவற்றில் ஐந்து, பத்து டாலர் நோட்டுகளை விசிறியாக மடித்துச் செருகியிருப்பார்கள். பூமாலையும் உண்டு, ஆனால் கூட்டம் மிட்டாய் மாலைக்குத்தான். அம்மா போடுவார், அத்தை போடுவார், சபைப் போதகரின் மனைவி போடுவார். ஏறஏறக் கழுத்து மறையும், மோவாய் மறையும், கடைசியில் மூக்குக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரியும். பள்ளிக் கோட்டில் வரிசையாகக் குத்திய பேட்ஜுகள் எல்லாம் எங்கோ உள்ளே போய்விடும். டக்ஸாக வந்தவளா, ஒரே ஒரு சான்றிதழ் வாங்கியவளா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மிட்டாய் மாலை தரவரிசை பார்ப்பதில்லை. பரிசே வாங்காதவளுக்கும் அதே அளவு மாலை, சில வீடுகளில் கூடுதலாகவே.

வழியனுப்புத் திருப்பலி பரிசளிப்பிலிருந்து தனியாக நடக்கும். அதில் ஆரவாரம் குறைவு, கிட்டார் அதிகம். கிட்டாரின் தாளத்தில் பல குரலில் பிரிந்து பாடும் மாவோரிப் பாடல்கள் காணிக்கைப் பவனிக்கும் பொருந்தும், கண்ணீருக்கும் பொருந்தும். நம்மூர் கான்வென்ட் பெண்கள் முதன்முறை புடவை கட்டி, பின்னூசிக்குப் பின்னூசி கடன் வாங்கி ஃபேர்வெலுக்கு வரும் அழகு இங்கே இல்லை. தேய்ந்துபோன அதே சீருடைதான், கடைசி முறையாக.

முடிந்ததும் தேநீர். மெர்சி பள்ளிகளில் தேநீருக்கும் ஒரு வம்சாவளி உண்டு. சபையைத் தொடங்கிய கேதரின் மெக்காலி 1841 நவம்பர் 11 அன்று டப்ளினில் இறந்தார். சாகும் தறுவாயில், தான் போனபின் சகோதரிகள் இதமாக ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கட்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். பிரிவின்போது வந்தவர்களுக்குச் சூடாக ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற அந்த யோசனையை உலகெங்கும் உள்ள மெர்சி பள்ளிகள் இன்றும் விடவில்லை. கையில் கோப்பையோடு பழைய ஆசிரியைகளும் மாணவிகளும் நின்று பேசும் அந்த நேரத்தில்தான் மேடையில் சொல்ல விட்டுப்போனதெல்லாம் சொல்லப்படுகிறது.

ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மகளோ உறவுப் பெண்ணோ இப்படியொரு பள்ளியில் படித்து, விழாவுக்கு அழைப்பு வந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளை பெயர் வாசித்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று என்று கார் சாவியைத் தேடாதீர்கள். ஹாக்கா பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.