தோமஸ் மன்னின் உழவன் உவமை

வணிகவாதத்தின் மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது, தோமஸ் மன் எழுதி, அவர் மறைவின் பின் 1664இல் அச்சேறிய 'அந்நிய வர்த்தகத்தால் இங்கிலாந்து ஈட்டும் செல்வம்' என்னும் நூலாகும். மன் கிழக்கிந்தியக் கம்பனியின் பணிப்பாளர்களுள் ஒருவர் என்பதை மறந்து இதனைப் படித்தல் தகாது. இந்தியப் பண்டங்களுக்காகக் கம்பனி வெள்ளியை வெளியேற்றுகின்றது என்ற கண்டனத்துக்கு 1621இலேயே விடையிறுத்தவர் அவர். இந்நூலிலும் அவ்வழக்கையே விரிக்கின்றார். விதையை மண்ணில் வீசும் உழவனை அச்செயலளவில் நோக்குவோர் பித்தன் என்பர், அறுவடையைக் கண்டோர் அவ்வாறு கூறார் என்பது அவர் காட்டும் உவமை.

1776இல் வணிகவாதத்தைச் சாடிய அடம் சிமித்தைப் பின்பற்றிப் பாடநூல்கள் பலவும் மன்னின் தவற்றைப் பணம் பற்றிய மயக்கமாகவே காட்டுகின்றன. நாம் அதனை ஏற்பதற்கில்லை. வெள்ளியை விதையென விடத் துணிந்தவருக்கு அம்மயக்கம் அத்துணை இருந்ததாகத் தோன்றவில்லை. விளைநிலம் யாருடையது என்ற வினா உவமையில் எழாமையே குறை.

மன் காலத்தில் அக்குறை பெரிதன்று. கம்பனி அன்று விலைகொடுத்து வாங்கும் வணிகனே. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கைவந்தபின் நிலைமை மாறிற்று. உழுகுடிகளிடம் அறவிட்ட வரியின் ஒரு பகுதியைக் கொண்டே அவ்வங்காளத்தின் துணியும் பட்டும் இலண்டனுக்கென வாங்கப்பட்டன. இக்கொள்வனவுக்குக் கம்பனியார் இட்ட பெயர் 'முதலீடு' என்பதாம்! 1770இன் பஞ்சத்தில் மக்களுள் மூன்றிலொரு பங்கினரேனும் மடிந்தும், 1771இன் நிகர வரிவசூல் 1768இனதை விஞ்சியதென 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் மேலிடத்துக்கு எழுதினார்.