பின்வரிசை நால்வர்

கால்பந்தாட்டத்தில் கோல் போடுகிறவனைப் பற்றி எழுதுவது சுலபம். அவன் செய்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எழுதுகிறவன் கொஞ்சம் மெருகு ஏற்றினால் போதும். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனைப் பற்றி எழுதுவதுதான் சங்கடமான காரியம். நடக்கவிருந்த ஏதோ ஒன்று நடக்காமல் போயிற்று, அவ்வளவுதானே? லண்டன் ஆர்சனல் குழுவின் பழைய பின்வரிசையை ரசித்தவன் என்ற முறையில், அந்த நடக்காமற்போன விஷயத்திலும் கலை உண்டு என்று வாதாட எனக்கு ஆசை. அந்தக் குழுவைச் 'சலிப்பூட்டும் ஆர்சனல்' என்று இங்கிலாந்து முழுவதும் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் உண்மை இருந்தது. ஆனால் அது போய் விழுந்தது தவறான ஆட்களின் தலையில் என்பது என் கட்சி.

நால்வரும் பெரிய பெயருடன் வந்தவர்கள் அல்ல. லீ டிக்ஸன் பர்ன்லி, செஸ்டர், பரி, ஸ்டோக் என்று சிறிய ஊர்களாகச் சுற்றிவிட்டு 1988-ல் வந்து சேர்ந்தார். அதே ஸ்டோக்கிலிருந்து அதே வருஷம் வந்தவர் நெட்டையான ஸ்டீவ் போல்ட். நைஜல் விண்டர்பர்ன் 1987-ல் விம்பிள்டனிலிருந்து வந்தவர். டோனி ஆடம்ஸ் மட்டும் அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. இவர்களைச் சேர்த்து வைத்த பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1971-ல் லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஒருங்கே வென்ற ஆர்சனலில் ஆடியவர் அவர். மைதானத்தில் அவசரமே இல்லாமல் நடந்ததால் 'உலாப் போகிறவர்' என்று அவருக்குப் பட்டப் பெயர். சோம்பலாக ஆடியவர்கள் வாத்தியாராகிவிட்டால் எவ்வளவு கண்டிப்பாகிவிடுகிறார்கள்! நால்வரும் ஒரே கோட்டில் நகர வேண்டும் என்பதற்காக ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லிப் பழக்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த வரிசை நகர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் கஷ்டம் இராது.

ஆஃப்சைடு விதி தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பந்து முன்னால் தள்ளப்படும் அந்தக் கணத்தில், அதை வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிர்க்கட்சியினர் இரண்டு பேராவது இருக்கவேண்டும். ஒருவர் பெரும்பாலும் கோல் காப்பவர். மற்றவர் பின்வரிசையில் கடைசியாக நிற்பவர். அந்தக் கடைசி ஆள் சரியான கணத்தில் இரண்டடி முன்னால் வந்துவிட்டால், எதிரி நின்ற இடத்திலேயே குற்றவாளி ஆகிவிடுகிறான். ஆனால் நால்வரில் ஒருவர் அரை நொடி தயங்கினாலும் போதும், எல்லாம் பாழ். ஆர்சனல்காரர்கள் தயங்கவில்லை. ஆடம்ஸ் ஓரடி எடுத்து வைப்பார். மூவரும் எடுத்து வைப்பார்கள். கைகள் ஒன்றாக மேலே போகும். எல்லைக்கோட்டு நடுவரின் கொடி அந்தக் கைகளுக்குப் பதில் சொல்வதுபோல் எழும்.

1990 கோடையில் விதியை மாற்றினார்கள். அதுவரை பின்வரிசைக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அதற்குப் பிறகு சமமாக நின்றால் குற்றமில்லை என்று ஆயிற்று. இந்தத் தந்திரத்தை நம்பியிருந்த குழு நொடித்துப் போயிருக்கவேண்டும். நடந்தது என்ன? 1990-91-ல் ஆர்சனல் 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 18. தோற்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. அந்த வருஷத்தின் நடுவில் ஆடம்ஸ் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய குற்றத்திற்காகச் சிறைக்குப் போய்ச் சில வாரங்கள் இல்லை. அப்போதும் வரிசை குலையவில்லை. டிக்ஸன், போல்ட், விண்டர்பர்ன், கோல் காத்த டேவிட் சீமன் நால்வரும் 38 ஆட்டங்களிலும் ஆடினார்கள். தலைவன் இல்லாத நாட்களிலும் அவன் குரல் கேட்டது என்றே சொல்லவேண்டும்.

அதே வருஷத்தில் ஆர்சனல் போட்ட கோல்கள் 74. சலிப்பு என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. இரண்டு வருஷம் கழித்து 1992-93-ல் 42 ஆட்டங்களில் 40 கோல்கள்தாம்; லீகிலேயே அதுதான் மிகக் குறைவு. பின்வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். மாறியது அவர்களுக்கு முன்னால் இருந்த நடுவரிசை. பந்தை வாங்கி, யோசித்து, நல்ல இடத்திற்கு அனுப்பத் தெரிந்தவர்கள் குறைந்து போனார்கள். பின்னாலிருந்து உயரத் தூக்கி அடிப்பது ஒன்றே வழியாயிற்று. கதையில் உரையாடல் செத்துக் கிடக்கும்போது கட்டுக்கோப்பு மாத்திரம் துருத்திக்கொண்டு தெரியும். அதற்காகக் கட்டுக்கோப்பையா குறை சொல்வது?

1994 மே 4-ந் தேதி கோபன்ஹேகனில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தை இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். எதிரே இத்தாலியின் பார்மா. அதன் முன்வரிசையில் ஜோலா, அஸ்பிரியா, புரோலின் என்று மூன்று மந்திரவாதிகள். புரோலின் அடித்த பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதிர்ஷ்டம் துணைக்கு இருந்ததை ரசிகன் மறைக்கலாகாது. 20-வது நிமிஷத்தில் ஆலன் ஸ்மித் ஒரு கோல் போட்டார். மிச்சம் 70 நிமிஷம் காவல். அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. ஜோலா எவ்வளவு நுட்பமாகத் திரும்பினாலும் திரும்பிய திசையில் ஒரு கால் முன்கூட்டியே இருக்கும். விழுந்து பறிக்கிற வீரம் அங்கே அதிகம் இல்லை. அந்த அவசியமே வரவில்லை. போல்ட் இரண்டடி நகர்ந்தார், ஆபத்து போயிற்று. ரசிகர்கள் ஆர்சனலுக்கு ஒன்று, எதிரிக்குப் பூஜ்யம் என்று பாடினார்கள். கேலிக்குரிய எண்ணிக்கையே கீதமாகிவிட்டது.

இந்த வரிசையின் புகழ் மைதானத்திற்கு வெளியேயும் போயிற்று. 1997-ல் வந்த 'தி ஃபுல் மான்ட்டி' என்ற படத்தில், ஷெஃபீல்டு நகரத்தில் வேலை இழந்த தொழிலாளிகள் சிலர் நடனம் கற்றுக்கொள்ளத் திண்டாடுகிறார்கள். ஒரே வரிசையில் முன்னே வரத் தெரியவில்லை. ஆர்சனலின் ஆஃப்சைடு போலத்தான் என்று சொன்னதும் கால்கள் தாமாக ஒத்துப்போகின்றன. இதைவிட நல்ல விமரிசனம் எனக்கு எழுத வராது.

1996-ல் ஜப்பானிலிருந்து ஆர்சன் வெங்கர் பயிற்சியாளராக வந்தபோது, இந்தக் கிழவர்களை அனுப்பிவிடுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் அனுப்பவில்லை. அவர்களுக்கு முன்னால் வியேராவையும் பெத்தியையும் நிறுத்தினார். குறை எங்கே இருந்தது என்பது அதோடு தெளிவாகிவிட்டது. 1998 மே 3-ந் தேதி எவர்ட்டனை 4-0 என்று வென்று பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில், நான்காவது கோலை மட்டும் சொல்கிறேன். மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த 35 வயது போல்ட் எவர்ட்டன் பின்வரிசையின் தலைக்கு மேலாகப் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். அந்த வரிசையைத் தாண்டி ஓடியவர் ஆடம்ஸ். இடது காலால் ஓங்கி அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வருஷம் 38 ஆட்டங்களில் ஆர்சனல் வாங்கியது 17 கோல்கள். பட்டம் ஒரே ஒரு புள்ளியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போயிற்று.