வெயிலில் பிறக்கும் லேசர்

பிரான்சில், பிரனீஸ் மலையில் இருக்கிறது ஒதெய்யோ சூரிய உலை. 63 தட்டைக் கண்ணாடிகள் வெயிலைத் திருப்பி ஒரு பெரிய குழியாடிக்கு அனுப்ப, குவிமையத்தில் வெப்பம் 3000 டிகிரியைத் தொடும். ஆனால் என் மனம் லயிப்பது அங்குள்ள சிறிய குழியாடிகளில்தான். லிஸ்பன் ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு லேசரை எழுப்புகிறார்கள்.

சிறிய குழியாடியின் குவிமையத்தில் இருப்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள படிகத் தண்டு. யாக் என்ற அந்தப் படிகத்தில் நியோடிமியம் கலந்திருக்கும். சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் தண்டு விரிசல் விட்டுவிடும். சூரியப் பலகையோ மின்சாரமோ இடையில் இல்லை. வெயிலே நேராக அணுக்களைத் தூண்டுகிறது. 1966-இலேயே அமெரிக்காவில் சி. ஜி. யங் இப்படி ஒரு வாட் லேசர் எடுத்துக் காட்டினார்.

நியோடிமியம் வெயிலின் சில நிறங்களை மட்டுமே உண்ணும். மிச்சமெல்லாம் வீண். அதனால் சீரியத்தையும் சேர்த்தார்கள். அது நீலத்தையும் புற ஊதாவையும் வாங்கி நியோடிமியத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. பந்தியில் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவது போல! எவ்வளவு அழகான யுக்தி!

வெயிலை ஏன் லேசராக்க வேண்டும்? ஆடி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், குவிந்த வெயில் ஒரு புள்ளியாகாது. சூரியனின் குட்டிப் பிம்பமாகவே விழும். அதே வெயில் லேசராகிவிட்டால் அதைவிட மிக நுண்ணிய இடத்தில் குவிக்கலாம். வெளிவரும் கற்றை 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. விழுந்த வெயிலில் ஐந்து விழுக்காடுகூட லேசராவதில்லை. இருந்தும் எனக்கு இது பெரிய சாதனைதான்.