ஓரி சாகாமல் இருக்கலாமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றும். ஆனால் முடிவெடுக்க ஒன்றுமில்லை. வளைவு எத்தனை வந்தாலும் சாலை ஒன்றுதான். பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில் பலவும் இப்படித்தான் மலையேறுகின்றன.

நம் திண்ணை ஆட்டங்களையே பாருங்கள். பரமபதத்தில் கட்டை விழுந்ததே விதி. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்பதாவது நம் கையில். ஆடுபுலியில் கட்டையே கிடையாது. 3 புலி, 15 ஆடு, மிச்சமெல்லாம் மூளை. இருந்தாலும், புலியோடு சமாதானம் பேசலாமா என்று ஆடு கேட்க முடியாது. பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் கேட்கலாம், பதில் சொல்ல, ஆட்டத்தை நடத்தும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் இந்தப் புது ஆட்டத்தின் புதுமை.

அந்த ஒருவர் பிரஷ்யப் படையிலிருந்து வந்தவர். அந்தப் படையின் அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில் பகடையும் அட்டவணையும் நிறைய. 1876-இல் இன்னொரு அதிகாரி, வெர்டி து வெர்னுவா, அவற்றை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் வாய்ச்சொல் போதும் என்றார். சட்டமா, நடுவரா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கைகாக்ஸும் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இரண்டையும் சுமந்துகொண்டு வந்தது. 1984-இல் தொடங்கிய அதன் ‘டிராகன்லான்ஸ்’ வரிசையில் நாவல் போலக் கதை முன்பே ஓடியது. ஆடுபவர்கள் பின்னால் நடந்தார்கள். ‘தண்டவாளம்’ என்று இன்றும் அதைத் திட்டுபவர்கள் உண்டு. வின்சென்ட் பேக்கரின் ‘அபாகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) எதிர்க்கோடி: கதையை முன்கூட்டியே எழுதி வைக்காதே என்று நடத்துபவரையே கட்டிப்போட்டது.

எனக்கு இந்தக் கட்சிகளைவிட ஒரு சோதனை முக்கியம். கொல்லிமலையை ஆண்ட சங்ககால வள்ளல் ஓரியின் கதையை ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதிரி காரி படையோடு வருகிறான். நீங்கள் ஓரியின் ஒற்றர்கள். அருவித் தடமா, காட்டுத் தடமா? எதில் போனாலும் அதே புலியைக் கொண்டுவந்து நிறுத்தினால், கேள்வி கேட்டதே ஏமாற்று. எந்தத் தடத்தில் நேற்றுப் பறவைகள் கலைந்தன என்பதாவது தெரியவேண்டும். விட்ட தடத்தில் ஏதாவது கைநழுவிப் போகவும் வேண்டும். தெரியாமல் தேர்ந்தெடுப்பது பரமபதக் கட்டைதான், வேறு வேடத்தில்.

ஓரியைக் கொன்று காரி கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கப்பாட்டு சொல்லும் முடிவு. அதை மாற்றலாமா? மாற்றலாம். நானானால் மாற்றமாட்டேன். ‘ஓரி இன்று சாகிறான்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், ஒளித்து வைத்து இழுத்துப் போகமாட்டேன். அப்புறம் பாருங்கள், மேசை எப்படிச் சூடாகிறதென்று: நெற்குதிரைத் திறந்துவிடுவதா, எரிப்பதா? பரிசு வாங்க வந்து மாட்டிக்கொண்ட பாணர்களை, யாழும் கைக்குழந்தையுமாக, இருட்டில் மலையிறக்கப்போவது யார்?