குளிருக்குக் கோழி வறுவல்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையில் இறங்கினால், மாலைக் கடைவீதியில் எண்ணெய் காயும் வாசனைதான் முதலில் வரவேற்கும். சுமார் 3,500 அடி உயரம், சாரல், குளிர். வறுவல் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே வாய்க்குப் போய்விட வேண்டும். தட்டில் ஆறவிட்டால் மொறுமொறுப்பு போச்சு.

தோட்டத்தில் சம்பளம் போட்ட நாளில் அப்பா ஒரு பொட்டலம் வாங்கி வருவார். இலையைப் பிரித்ததும் பொரிந்த கறிவேப்பிலைக்கும் அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளுக்கும்தான் எங்களுக்குள் சண்டை. கறி அப்புறம்தான்!

சென்னை புகாரி ஓட்டலில் 1965-இல் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 ஊரெங்கும் பரவிவிட்டது. நல்லதுதான். ஆனால் கொங்கு நாட்டுக்கென்றே பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறது: விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடிகளின் ஆரவாரம் இல்லாததால் கோழியின் ருசி தெரியும். நெய்யில் வதங்கியதுபோல் தேங்காய் இனிக்கும்.

மலைக்கு வருகிறவர்களே, எலும்போடு கேளுங்கள். சாறு அங்கேதான் இருக்கிறது. சாப்பிட்ட இலையைக் கடைக் கூடையிலேயே போடுங்கள். இது யானைகள் நடக்கும் ஊர்.