பாட்டு கட்டிய கல்லூரி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்தில், ஃபிஸ்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஜூபிலி ஹால் என்றொரு பழைய கட்டடம். அதைக் கட்டியது பாட்டு. உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பாட்டுதான்.

1871-ஆம் ஆண்டு. அடிமை முறை ஒழிந்து ஆறே வருஷம் ஆகியிருந்தது. விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்தக் கல்லூரி கடனில் தத்தளித்தது. அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட். இசை சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார். அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஆரம்பத்தில் வெள்ளையர் மேடைகளில் வழக்கமாகப் பாடப்பட்ட பாட்டுகளைப் பாடினார்கள். கூட்டம் பெரிதாகச் சேரவில்லை. பிறகு தங்கள் அம்மா அப்பா பருத்திக் காட்டில் பாடியதை மேடையேற்றினார்கள். அரங்குகள் நிறைந்தன. கடல் தாண்டி இங்கிலாந்து வரை போனார்கள். சேர்ந்த பணத்தில் 1876-இல் ஜூபிலி ஹால் திறக்கப்பட்டது.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் கதையை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பது? பண்பாட்டு வகுப்பிலா, சமூகவியலிலா, வணிகவியலிலா?

1885-இல் பதினேழு வயதில் அந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர்தான் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1903-இல் அவர் வெளியிட்ட 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலில் பதினான்கு அத்தியாயங்கள். கறுப்பினப் படிப்பு என்று எங்கே ஒரு பாடத்திட்டம் போட்டாலும் இந்த நூல் அதில் இருக்கும். ஆனால் எப்படி இருக்கும்? பண்பாட்டுப் பாடத்துக்கு முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும்: 'திரை', 'இரட்டைப் பிரக்ஞை', துயரப் பாடல்கள். சமூகவியல் என்றால் 'நிறக்கோடு'. வணிகம், பொருளாதாரம் என்றால் மூன்றாவது அத்தியாயம், அதாவது புக்கர் டி. வாஷிங்டனோடு அவர் போட்ட சண்டை. ஆளுக்கொரு துண்டு. இப்படித் துண்டு போட்டால் இந்த நூலின் உயிர் போய்விடுகிறது என்பதுதான் என் வாதம்.

யாரும் அதிகம் சீண்டாத எட்டாவது அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவின் பருத்தி மாவட்டம் ஒன்று. 1898-இல் பருத்தி விலை விழுந்தது. டு பாய்ஸ் கணக்கு சொல்கிறார்: 300 குத்தகைக் குடும்பங்களில் 175 குடும்பங்கள் அந்த ஆண்டைக் கடனோடு முடித்தன. மொத்தக் கடன் 14,000 டாலர். 50 குடும்பங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. மீதி 75 குடும்பங்கள் சேர்ந்து பார்த்த லாபம் 1,600 டாலர். நான் வகுத்துப் பார்த்தேன். தோற்ற குடும்பத்துக்கு 80 டாலர் கடன். ஜெயித்த குடும்பத்துக்கு 21 டாலர் லாபம். வருஷம் முழுக்க உழைத்து, அதிர்ஷ்டமும் கைகொடுத்தால் 21 டாலர்!

ஏன் இப்படி? விதைப்பிலிருந்து அறுவடை வரை சாப்பாட்டுச் சாமானும் துணிமணியும் கடைக்காரர் கடனாகத் தருவார். அதற்கு ஈடு, இன்னும் விளையாத பயிர். கணக்கு நோட்டு அவர் கையில். பருத்தியைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அவர் ஏற்கமாட்டார், ஏனென்றால் பருத்திதான் எப்போதும் காசாகும். ஆக, விலை விழுந்தாலும் அடுத்த வருஷமும் பருத்திதான். பொருளாதார வகுப்பில் இதற்கு ஒரு பெயர் வைத்து நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த நூலைத் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ஒன்று உறைக்கும். கடைசி அத்தியாயத்தில் பாடுகிறவரும் எட்டாவது அத்தியாயத்தில் கடன்பட்டவரும் ஒரே ஆள். கணக்கு நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டால், அது நமக்குச் சுகமான சோகம். அவ்வளவுதான்.

வாஷிங்டன் சண்டைக்கும் இதே கதி. வாஷிங்டன் வியாபாரம் பேசியவர், டு பாய்ஸ் உரிமை பேசியவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பரீட்சைக்கு வசதி, ஆனால் உண்மை அப்படியில்லை. 1899-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கறுப்பின வணிகம் பற்றி ஒரு தனி மாநாடே நடத்தி, அதன் ஆய்வறிக்கையைத் தொகுத்தவர் டு பாய்ஸ். வணிகர்கள் ஊர்தோறும் சங்கம் சேர வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். வாஷிங்டன் தேசிய வணிகர் சங்கத்தைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. டு பாய்ஸின் கோபம் கடை வைப்பதன் மேல் இல்லை. ஓட்டும் சட்டப் பாதுகாப்பும் உயர்கல்வியும் இல்லாமல் கடை மட்டும் போதும் என்பதன் மேல்தான். ஓட்டு இல்லாதவன் கடையைக் கொளுத்தினால் கேட்பதற்கு யார்? 1921-இல் டல்சா நகரத்தில் செழித்திருந்த கறுப்பின வணிகத் தெரு எரிந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

சரி, எண்களை இவ்வளவு நம்பிய மனிதர் ஏன் பாட்டுக்குத் திரும்பினார்? ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். 1896-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசி, ஒரு பெரும் ஆய்வு நூல் எழுதியவர். உண்மையை எடுத்துக் காட்டினால் போதும், வெள்ளையர்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பினார். 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் சித்திரவதை செய்து கொன்றது. நிதானமாக எழுதிய ஓர் அறிக்கையோடு டு பாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அந்த மனிதரின் விரல் எலும்புகள் இதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக வழியில் கேள்விப்பட்டார். அப்படியே திரும்பிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய கைக்குழந்தை இறந்தது. அந்தச் சாவும் பதினோராவது அத்தியாயமாக நூலில் இருக்கிறது.

இதன் பிறகும் அவர் எண்களை விடவில்லை. எண்ணோடு பாட்டைச் சேர்த்துக்கொண்டார். அத்தியாயத் தலைப்புகளுக்குக் கீழே கவிதை வரிகள். அவற்றுக்கு அடியில், சொற்கள் இல்லாமல், ஒரு துயரப் பாடலின் இசைக்குறிப்பு. வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

நூலில் குறை இல்லையா? இருக்கிறது. படித்த மேல்தட்டுதான் இனத்தைக் கரையேற்றும் என்ற மிதப்பு அவரிடம் உண்டு. பெண்கள் அவர் பக்கங்களில் தாயாக, மாணவியாக வருகிறார்கள். சிந்திப்பவர்களாக வருவது அபூர்வம். அன்னா ஜூலியா கூப்பர் 1892-லேயே தன் கட்டுரை நூலை வெளியிட்டிருந்தார். இந்த நூல் வந்த அதே 1903-இல் மேகி லீனா வாக்கர் ரிச்மண்டில் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். இவர்களைப் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் டு பாய்ஸின் அளவு தெரியும். யூதர்களைப் பற்றிய சில வசைத் தொடர்களை 1953 பதிப்பில் அவரே மாற்றவும் வேண்டியிருந்தது.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீண்டது. கறுப்பினப் படிப்புக்குத் தனித் துறை அப்படித்தான் வந்தது. இரவல் வாங்கிய பழைய துறைகளில் தங்கள் வாழ்க்கை துண்டு துண்டாகக் கிடந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை. இன்று அந்தத் துறைக்குள்ளேயே மறுபடி துண்டு போட்டால், அவர்கள் எதற்காக அடி வாங்கினார்கள்?

கடைசி அத்தியாயத்தில் ஓர் இடம். டு பாய்ஸின் மூதாதைப் பெண் ஒருத்தியை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தார்கள். அவள் தன் குழந்தைக்கு ஒரு பாட்டுப் பாடினாள். இருநூறு வருஷமாக அந்தக் குடும்பம் அதைப் பாடிக்கொண்டிருக்கிறது. சொற்களுக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது. அந்த மொழியை அவர்களிடமிருந்து பிடுங்கியது ஒரு வியாபாரம். அந்த வியாபாரத்தின் கணக்கையும் தெரிந்துகொண்டு அந்த மெட்டைக் கேளுங்கள். அது வேறு மாதிரிக் கேட்கும்.